கேமரா சலானை எதிர்த்துக் கேட்டால் நடக்குமா? பாலக்காட்டுப் பக்கத்து அனுபவம்

கேரளத்தில் ஏ.ஐ. கேமராக்கள் அபராதம் போடத் தொடங்கியது 2023 ஜூன் 5 அன்று. அதிலிருந்து கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் தெரிந்தவர் யாருக்குச் சலான், அதாவது அபராத நோட்டீஸ், வந்தாலும் அந்தக் காகிதம் என் கைக்கு வந்துவிடுகிறது. மலையாளம் வாசிப்பேன், செல்போனில் இ-சலான் தளத்தைத் திறந்து பார்ப்பேன், அதுதான் காரணம். என் குட்டி யானை வண்டிக்கும் ஒரு வேகச் சலான் வந்து, எதிர்த்து எழுதி ரத்து செய்ய வைத்திருக்கிறேன். வழி இருக்கிறது, நிஜமாகவே வேலை செய்கிறது. ஆனால் நோட்டீஸில் உள்ள படத்தை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. அதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். அந்தத் திட்டத்தில் வைத்த 726 கேமராக்களில் 675 ஹெல்மெட், சீட் பெல்ட், வண்டி ஓட்டும்போது போன் பேசுவது, பைக்கில் மூன்று பேர் போவது ஆகியவற்றைப் பிடிப்பவை. வேகத்துக்கென்று வைத்தவை எட்டுதான். நான்கு ஒரே இடத்தில் நிற்பவை, நான்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு சுற்றுபவை. அதற்கு முன்பே நெடுஞ்சாலைகளில் இருந்த பழைய வேகக் கேமராக்கள் தனிக்கணக்கு. ஹெல்மெட் சலானில் வாதாட அதிகம் இல்லை, தலை தெரிகிறது, ஹெல்மெட் தெரியவில்லை. வேகச் சலான் அப்படியல்ல. வேகம் படத்தில் தெரியாது. கருவி சொன்ன ஓர் எண் மட்டும் இருக்கும். அந்த எண் எந்த வண்டிக்கு உரியது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

எனக்கு வந்த சலான் பாலக்காடு நகருக்குள், 50 கிலோமீட்டர் வரம்புள்ள சாலையில் 71-இல் போனதாகச் சொன்னது. மாமனார் பார்த்துவிட்டு, “ஆயிரத்தைநூறுதானே மாப்பிள்ளை, கட்டிட்டு லோடுக்குப் போங்க, ஒருநாள் வாடகை போனா அதைவிட நஷ்டம்” என்றார். கணக்கு அவர் சொன்னதுதான். ஆனால் கட்டினால் அந்தக் குற்றம் என் வண்டியின் பேரில் பதிவாகிவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 183-ஆவது பிரிவில் இலகு ரக வண்டிக்கு 1000 முதல் 2000 ரூபாய் வரை அபராதம். இரண்டாம் தடவையோ அதற்கு மேலோ மாட்டினால் லைசென்ஸையே எடுத்து வைத்துக்கொள்ளலாம். வண்டி ஓட்டிப் பிழைப்பவனுக்கு லைசென்ஸ்தான் சோறு. செய்யாத குற்றத்துக்கு அதைப் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம்பரின் கடைசி இலக்கத்தின் மேல் சேறு. 3 என்றும் வாசிக்கலாம், 8 என்றும் வாசிக்கலாம். வண்டி அதே மாடல், அதே வெள்ளை நிறம். ஆனால் பின்னால் திறந்த பாடி. என் வண்டியில் இளநீர் ஏற்றுவதற்காகக் கம்பிக் கூண்டு அடித்துத் தார்ப்பாய் போட்டிருக்கிறேன், வாங்கிய வருஷத்திலிருந்தே அப்படித்தான். அப்புறம் நேரத்தைப் பார்த்தேன். அன்று நான் கோயம்புத்தூருக்கு லோடு ஏற்றிப் போனவன். சலானில் போட்டிருந்த நேரத்துக்குச் சில நிமிடங்கள் முன்னால் வாளையார் பக்கம் பாம்பாம்பள்ளம் டோலில் ஃபாஸ்டேக்கில் பணம் பிடித்திருந்தது. டோலைத் தாண்டிய வண்டி அதே நேரத்தில் பாலக்காட்டு நகருக்குள் எப்படி இருக்கும்?

ஃபாஸ்டேக் பதிவைப் பற்றி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஃபாஸ்டேக் கணக்கின் ஸ்டேட்மென்டிலேயே டோலின் பெயரும் நேரமும் வரும். ‘நான் அங்கே இல்லை’ என்று வாயால் சொல்வதற்கு இருக்கும் மதிப்பு வேறு, அந்தப் பதிவுக்கு இருக்கும் மதிப்பு வேறு. பெட்ரோல் பங்க் பில், லோடு இறக்கிய இடத்தில் வாங்கிய கையெழுத்துச் சீட்டு, கடைக் கேமராப் பதிவு, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். கடைகளில் பழைய பதிவு சீக்கிரம் அழிந்துவிடும், அதை முதலில் போய்க் கேளுங்கள்.

வண்டியின் நான்கு பக்கப் படம், ஆர்.சி. நகல், ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட், சலானில் உள்ள படம், எல்லாம் சேர்த்து இ-சலான் தளத்தின் குறை தீர்க்கும் பகுதியில் ஏற்றினேன். அதற்கு ஒரு டிக்கெட் எண் கொடுப்பார்கள், அதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அதே காகிதக் கட்டை நோட்டீஸ் அனுப்பிய அலுவலகத்திலும் நேரில் கொடுத்து ரசீது வாங்கினேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் காகிதத்தைப் புரட்டாமலே, “கேமராவில பதிஞ்சதுதானே சேட்டா, கட்டினா தீர்ந்துது” என்றார். தளத்தில் வந்த முதல் பதிலும் அதே மாதிரிதான், படம் தெளிவாக இருக்கிறது என்று ஒரே வரி. கோபம் வந்தது. இரண்டு வண்டிகளின் பின்பக்கத்தையும் பக்கத்துப் பக்கம் ஒட்டி, கூண்டையும் சந்தேகத்துக்குரிய இலக்கத்தையும் வட்டம் போட்டு, கீழே டோல் நேரத்தை எழுதி மறுபடி அனுப்பினேன். இந்தத் தடவை ரத்தானது. நீளமான மனு முதல் தடவை தோற்றது, ஒரு பக்கத்தில் இரண்டு படம் வைத்த மனு ஜெயித்தது. பார்க்கிறவருக்கு அரை நிமிடத்தில் விஷயம் புரிய வேண்டும். இது எனக்குக் கிடைத்த பெரிய பாடம்.

சட்டத்தில் நமக்கு என்ன இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதியைச் சேர்த்தார்கள். சலானோடு குற்றத்தையும் நம்பர் பிளேட்டையும் காட்டும் படம், கருவி அளந்த அளவு, தேதி, நேரம், இடம், மீறிய சட்டப் பிரிவு, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் இருக்க வேண்டும். கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும், அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்று சாலையில் பலகை வைக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். இவற்றில் எது குறைந்தாலும் மனுவில் விதி எண்ணைப் போட்டே கேட்கலாம். விதி எண் போட்ட மனுவை ஒதுக்கித் தள்ளுவது கஷ்டம், இதை நானே பார்த்திருக்கிறேன்.

எல்லாச் சலானும் தவறு என்று நான் சொல்லவில்லை. என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை சரியானவைதான், கட்டச் சொல்லித்தான் அனுப்பினேன். 2023 ஜூலை 1 முதல் கேரளத்தில் வேக வரம்பு மாறியது. கார்களுக்கு நான்கு வழித் தேசிய நெடுஞ்சாலையில் 100, நகருக்குள் 50. பைக்குக்கு அதிகபட்சமே 70-லிருந்து 60 ஆகக் குறைந்தது. நம் ஆட்கள் வாளையாரைத் தாண்டி வந்த வேகத்தில் அப்படியே ஊருக்குள் நுழைகிறார்கள். கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்து சாலையைக் கடக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குக் கேமரா ஏன் வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. எனக்கு அந்தக் கேமரா வேண்டும். அது சரியான வண்டியைப் பிடிக்கவும் வேண்டும்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணனின் வேகச் சலான் வழக்கு இன்னும் முடியவில்லை. அவருடைய ஜீப்பும் அதை முந்திக்கொண்டு போகும் ஒரு பஸ்ஸும் ஒரே படத்தில் இருக்கின்றன. ரேடார் அலை போய்ப் பட்டுத் திரும்பி வருவதை வைத்துத்தான் கருவி வேகத்தைச் சொல்கிறது. பஸ் மாதிரிப் பெரிய தகர உடம்பு பக்கத்தில் இருந்தால் அதில் பட்டுத் திரும்பிய அலையின் கணக்கு சின்ன வண்டியின் தலையில் விழ வாய்ப்புண்டு. அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களைக் கேட்டோம். அதில் எந்த வண்டி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். கிடைக்கவில்லை. அதற்குள் சலான் ஆன்லைனிலேயே நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. அங்கே இரண்டே வழி, கட்டு, இல்லையென்றால் எதிர்த்து வாதாடு. வாதாடுகிறேன் என்று அழுத்தினால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும், நேரில் போக வேண்டிவரும். அண்ணன் யோசித்துவிட்டு அதையே அழுத்தினார். மறுபடி பார்க்கும் வேலை அலுவலகத்திலேயே முடிந்திருக்க வேண்டியது. ஒரு விவசாயியை அதற்காகக் கோர்ட் படி ஏற வைப்பது நியாயமே இல்லை.

தளத்தைப் பற்றிச் சொன்னால், சலானைத் தேடுவதும் பணம் கட்டுவதும் சுலபம். படம்தான் சிறியதாக வருகிறது, கணினியில் திறந்தால் கொஞ்சம் பரவாயில்லை. வாகனப் பதிவில் பழைய போன் நம்பர் இருந்தால் குறுஞ்செய்தி யாருக்கோ போய்விடும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் நம்பரை உடனே மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சலான் என்று சொல்லி ஒரு ஆப் ஃபைல் வந்தால் தொடவே வேண்டாம், அது பணத்தைச் சுருட்டும் கும்பலின் வேலை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்தூர் தாலுகாவில் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் எவ்வளவோ பேர். மலையாள நோட்டீஸைப் பார்த்துப் பயந்துபோய் மறுநாளே பணம் கட்டிவிடுகிறார்கள். மாநிலத்தில் புழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்க்கும் மனு கொடுக்கலாம் என்று அரசியல் சாசனத்தின் 350-ஆவது பிரிவு சொல்கிறது. போன மாதம் ஒரு பாட்டிக்காக, மகன் பேரில் இருந்த வண்டிக்கு, தமிழிலேயே மனு எழுதி மேலே அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள், ரசீதும் தந்தார்கள். பதில் இன்னும் வரவில்லை.