சனியும் தூரத்து மலையும் ஒரே குழாயில்: மூன்று சின்ன டெலஸ்கோப்புகள்

முதல் டெலஸ்கோப் வாங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு ஆசைகளைச் சேர்த்தே சொல்வார்கள். இரவில் சனியின் வளையத்தைப் பார்க்கவேண்டும், பகலில் மொட்டை மாடியிலிருந்து தூரத்து மலையையும் ஏரிப் பறவைகளையும் பார்க்கவேண்டும். பையில் போட்டு ஊருக்கு எடுத்துப்போகவும் முடியவேண்டும். சிக்கல் என்னவென்றால் கோள்களுக்கு வேண்டியது உருப்பெருக்கம், இயற்கைக் காட்சிக்கு வேண்டியது அகலமும் வெளிச்சமும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும்.

இந்த அளவில் மூன்று கருவிகளை எடுத்துக்கொள்கிறேன். செலஸ்ட்ரான் டிராவல் ஸ்கோப் 70 என்பது 70 மி.மீ. லென்ஸும் 400 மி.மீ. குவியத்தூரமும் (லென்ஸிலிருந்து ஒளி குவியும் புள்ளிவரை உள்ள தூரம்) கொண்டது. செலஸ்ட்ரான் சி90 என்பது 90 மி.மீ. மக்சுடோவ் (லென்ஸும் ஆடியும் சேர்ந்த வகை), குவியத்தூரம் 1250 மி.மீ. மூன்றாவது ஸ்கைவாட்சர் ஹெரிடேஜ் 130பி: 130 மி.மீ. ஆடி, 650 மி.மீ. குவியத்தூரம், மேசைமேல் வைத்துப் பார்க்கும் நியூட்டோனியன், அதாவது லென்ஸுக்குப் பதில் ஆடியால் ஒளியைக் குவிக்கும் வகை. குவியத்தூரத்தை, கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸில் போட்டிருக்கும் மி.மீ. எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம் வந்துவிடும். நடைமுறை உச்சம், விட்டத்தின் மி.மீ. கணக்கைப்போல இரண்டு பங்கு. 70க்கு 140 மடங்கு, 90க்கு 180. சின்னக் குழாயின் பெட்டியில் ‘525 மடங்கு’ என்று அச்சடித்திருந்தால் அதை எடுக்கவே வேண்டாம்.

முதலில் பகல். இதில் 70தான் முன்னால் நிற்கிறது. கூடவே வரும் 20 மி.மீ. ஐபீஸைப் போட்டால் 20 மடங்கு, ஏறக்குறைய இரண்டரை டிகிரி அகலம். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோபுரத்தில் 40 மீட்டருக்குமேல் ஒரே பார்வையில் அடங்கிவிடும். சி90இல் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் அதே தூரத்தில் 17 மீட்டர்தான் தெரியும். ஆனால் அந்த 17 மீட்டருக்குள் இருக்கும் சுதைச் சிற்பங்களை இருபது மீட்டர் அருகில் நின்று பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். பறக்கும் நாரையைத் தொடர 70, ஒரே கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்திக்கு 90. இன்னொன்றும் உண்டு. வெயில் ஏறியபின் தரையிலிருந்து எழும் சூடான காற்று, 50 மடங்கில் மலை விளிம்பையே நெளியவைத்துவிடும். 20 மடங்கில் அது அவ்வளவாக உறுத்தாது. பெரிய உருப்பெருக்கத்தில் நிலக்காட்சி பார்க்க விடிந்து ஒன்றிரண்டு மணி நேரம்தான் கிடைக்கும்.

இரவில் நிலைமை தலைகீழ். 70இன் லென்ஸ் குட்டையான குவியத்தூரம் கொண்டது என்பதால் நிலாவின் விளிம்பிலும் வியாழனைச் சுற்றியும் ஊதா நிறம் கசியும். 10 மி.மீ. ஐபீஸில் 40 மடங்கு கிடைக்கும். வியாழனின் நான்கு நிலாக்கள் பளிச்சென்று தெரியும், சனிக்கு வளையம் இருப்பது சின்னதாகத் தெரியும். நிலாப் பள்ளங்கள் நன்றாகவே இருக்கும். கார்த்திகைக் கூட்டம் முழுதும் ஒரே பார்வையில் அடங்குவது சி90இல் கிடைக்காத அழகு. அதற்குமேல் உருப்பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பெரிதாகும், தெளிவாகாது.

மக்சுடோவ் என்பது சோவியத் ஒளியியலாளர் திமித்ரி மக்சுடோவ் 1941இல் வடிவமைத்த முறை. முன்னால் கிண்ணம்போல் வளைந்த தடித்த கண்ணாடி, பின்னால் ஒரு குழியாடி. உள்ளே நுழையும் ஒளி குழியாடியில் பட்டு முன்கண்ணாடியின் நடுவிலிருக்கும் வெள்ளிப் பொட்டுக்குத் திரும்பி, அங்கிருந்து குழியாடியின் ஓட்டை வழியாகக் கண்ணுக்கு வருகிறது. இப்படி மடிப்பதால்தான் 1250 மி.மீ. குவியத்தூரம் ஒரு அடி நீளக் குழாய்க்குள் அடங்குகிறது. ஊதாக் கசிவு கிடையாது. 10 மி.மீ. ஐபீஸில் 125 மடங்கு: வியாழனின் இரண்டு முக்கிய மேகப் பட்டைகளும் தனித்தனியாகத் தெரியும், காற்று நிதானமாக இருக்கும் இரவில் அதன் பெரிய சிவப்புப் புள்ளியும் (அங்கே சுழலும் பெரும் புயல்) கிடைக்கும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டிவிட்டு இப்போது மெல்ல விரிந்துவருகிறது, 2032 வாக்கில் நன்றாக அகன்றிருக்கும். வளையத்துக்குள் கருங்கோடாக ஓடும் காசினி இடைவெளியை இந்த 90இல் தேடிப் பிடிக்க அந்த ஆண்டுகள்தான் சரியான நேரம்.

கோள்களுக்கு மட்டும் என்றால் 130பிதான் வெல்லும், அதில் சந்தேகமில்லை. 90ஐவிட இரண்டு மடங்கு ஒளி சேர்க்கும், நுணுக்கமும் கூடுதல். ஆனால் நியூட்டோனியனில் படம் தலைகீழாகத்தான் வரும். நிலக்காட்சிக்கு அது ஒத்துவராது. மேசை ரகம் என்பதால் அசையாத ஸ்டூலோ திண்ணையோ வேண்டும், மாடியில் கைப்பிடிச் சுவர் மறைக்கும். திறந்த குழாய் என்பதால் தெருவிளக்கு உள்ளே புகும், கருப்புத் துணி சுற்றவேண்டும். உள்ளே இருக்கும் ஆடிகளை அவ்வப்போது நேர்ப்படுத்தவும் கற்றுக்கொள்ளவேண்டும். எடை ஆறு கிலோ, பயணத்துக்குக் கொஞ்சம் அதிகம்.

இனி முக்காலி, அதாவது டிரைபாட். டெலஸ்கோப்பைவிட இதில்தான் பலருடைய ஆர்வம் கெட்டுப்போகிறது. 70உடன் வரும் லேசான டிரைபாட் 20 மடங்குக்குப் போதும். 40க்குப் போனால் குவியத் திருகைத் தொட்டவுடன் நிலா ஆட ஆரம்பித்துவிடும். நடுத்தண்டை உயர்த்தாமல், அதிலிருந்து ஒரு கனமான பையைத் தொங்கவிட்டால் ஓரளவு அடங்கும். சி90க்கு டிரைபாட் தனியாகத்தான் வாங்கவேண்டும். வீட்டில் கனமான கேமரா டிரைபாட் இருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு கோணம் உண்டு. நாம் 8 முதல் 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம், அதனால் கோள்கள் நம் தலைக்குமேல் ஏறிப் போகின்றன. லண்டன்காரர் சில ஆண்டுகளில் வியாழனை 20 டிகிரி உயரத்துக்கும் கீழே, கலங்கிய காற்றின் ஊடாகப் பார்க்கவேண்டியிருக்கும். சென்னையில் அதே வியாழன் 50 டிகிரிக்குமேல் வந்துவிடும். பெரிய கொடுப்பினை இது. ஆனால் குழாயை நேர்மேலே திருப்பினால் கேமரா டிரைபாட்டின் தலை மறுக்கும். இந்த இரண்டு செலஸ்ட்ரான்களோடும் வரும், ஐபீஸுக்கு முன்னால் பொருத்தும் 45 டிகிரி பிரிசம் படத்தை நிமிர்த்தித் தருகிறது, பகலுக்கு அருமை. இரவில் கழுத்து ஒடியும். ஒளியைச் செங்குத்தாகத் திருப்பித் தரும் 90 டிகிரி டயகனல் ஒன்றைத் தனியாக வாங்கிவையுங்கள். அதில் இடவலம் மாறித் தெரியும், கோளுக்கு அதனால் நஷ்டமில்லை.

அப்புறம் ஈரம். ஏசி அறையிலிருந்து சி90ஐ நேராக மாடிக்குக் கொண்டுபோனால் முன்கண்ணாடியில் பனி படிந்துவிடும், தடித்த கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வர அரைமணி நேரம்கூட ஆகும். சாயங்காலமே மூடியோடு வெளியே வைத்துவிடுவது நல்லது. பையில் சிலிக்கா ஜெல் போட்டுவைத்தால் பூஞ்சை வராது.

இரண்டு ஆசையும் உண்மையிலேயே இருந்து, நல்ல டிரைபாட்டுக்கும் பணம் இருந்தால் நான் சி90ஐத்தான் சொல்வேன். அதோடு வரும் 32 மி.மீ. ஐபீஸ் 39 மடங்கு தரும், பகலுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம்; இரவுக்கு ஒரு 10 மி.மீ. மட்டும் சேர்த்தால் போதும். டிரைபாட்டுக்குக் கை நீளாது, வீட்டில் பிள்ளைகளும் தொடுவார்கள் என்றால் 70 போதும், சனியைப் பற்றி அளவாக எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். ‘மலை சும்மா ஒரு ஆசைதான்’ என்பவர்கள் தயங்காமல் 130பிக்குப் போகலாம். எதை வாங்கினாலும், குழாயின் முன்பக்கத்தில் பொருத்தும் முறையான சூரிய வடிகட்டி இல்லாமல் பகலில் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. ஒரு நொடியில் பார்வை போய்விடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பகலில் பார்த்து முடித்ததும் மூடியைப் போட்டு உள்ளே வைத்துவிடுங்கள்.