கச்சேரி மிக்ஸிங்கில் ஆட்டோமேஷன்: ரீப்பருடன் ஐந்து மார்கழிகள்

கொரோனாவால் சென்னை சபாக்கள் இணையவழிக் கச்சேரிகளுக்கு மாறிய 2020 மார்கழியில், தனித்தனி ட்ராக்குகளாகப் பதிவான கர்நாடக இசைக் கச்சேரிகளை மயிலாப்பூரில் என் வீட்டு அறையில் மிக்ஸ் செய்யத் தொடங்கினேன். அன்று முதல் பயன்படுத்தி வருவது, ஒலியைப் பதிவு செய்யவும் மிக்ஸ் செய்யவும் உதவும் ரீப்பர் என்ற மென்பொருள். 60 நாட்கள் முழு வசதிகளுடன் சோதித்துப் பார்த்த பிறகு, தனிநபருக்கான 60 டாலர் உரிமத்தை வாங்கினேன். அதன் எல்லா வசதிகளையும் பற்றி எழுத இங்கே இடமில்லை. பாட்டு ஓடும்போது ஒலியளவு எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பதை மென்பொருளில் எழுதிவைக்கும் ஒலியளவு ஆட்டோமேஷனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சினிமாப் பாட்டைப் போல ஒரு நிலையான ஒலியளவை வைத்துக் கச்சேரியை நடத்திச் செல்ல முடியாது. மந்திர ஸ்தாயியில் முணுமுணுப்பாகத் தொடங்கும் ஆலாபனை கால் மணி நேரத்தில் தார ஸ்தாயியை எட்டிவிடும். அதுவரை நிழலாகப் பின்தொடர்ந்த வயலின், தன் முறை வந்ததும் முன்னால் வந்து உட்கார வேண்டும். முதல் ஆண்டில் இதையெல்லாம், உரத்த ஒலியைத் தானாகவே அடக்கி ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரிடம் ஒப்படைத்தேன். பாடகர் மூச்சு விடும் இடங்களில் தம்பூராவும் அறையின் இரைச்சலும் பொங்கி எழுந்தன. சுரங்களை அசைத்துப் பாடும் கமகங்களின் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிட்டது. அந்த மிக்ஸ்களை இன்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கையால் ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகரும் பிடியை) ஏற்றி இறக்கி எழுதுவதுதான் வழி என்று புரிந்த பிறகு, எந்த முறையில் எழுதுவது என்ற கேள்வி வந்தது. ரீப்பரில் டச் முறையில் ஃபேடரைத் தொட்டிருக்கும் வரை மட்டுமே மாற்றம் பதிவாகும், விட்டதும், ஒலியளவைப் புள்ளிகளால் காட்டும் பழைய கோட்டுக்கே திரும்பிவிடும். லாட்ச் முறையில் விட்ட இடத்தின் அளவே பாட்டை நிறுத்தும் வரை நீடிக்கும். ரைட் முறையோ ஓட்டம் தொடங்கியது முதல் முன்பு எழுதியதை அழித்துக்கொண்டே போகும். ஒரு வர்ணத்துக்கு எழுதியதை முழுவதுமாக இப்படி இழந்த பிறகு, ரைட் பக்கமே நான் போவதில்லை. முதல் சுற்றை லாட்ச்சில் எழுதி, திருத்தங்களை டச்சில் செய்கிறேன். விரலை விட்டதும் கோடு பழைய அளவுக்குத் திரும்ப எடுக்கும் நேரத்தை 300 மில்லிசெகண்டாக வைத்திருக்கிறேன்; அதைவிடக் குறைத்தால் ஒரு சொல்லின் நடுவிலேயே குரல் சட்டென்று தள்ளி நிற்பதுபோல் கேட்கிறது.

எனக்கு அதிகப் பலன் தந்த ஏற்பாடு மிகவும் எளியது. ரீப்பரில் ஒரு ட்ராக்கின் ஃபேடர், அந்த ட்ராக்கின் பிளகின்களுக்கு (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்களுக்கு) பிறகே வருகிறது. அதனால் குரல் ட்ராக்கில் பிளகின் எதுவும் போடாமல், அதை, உள்ளே இருக்கும் ட்ராக்குகளின் ஒலியைச் சேர்த்து வெளியே அனுப்பும் ஒரு ஃபோல்டர் ட்ராக்கின் கீழ் வைத்து, ஒலியின் கனத்தையும் கூர்மையையும் சரிசெய்யும் ஈக்வலைசரையும் கம்ப்ரஸரையும் ஃபோல்டரில் போட்டுவிட்டேன். உள்ளே இருக்கும் ட்ராக்கில் நான் கையால் சமன் செய்த குரலே கம்ப்ரஸருக்குப் போவதால், அதற்கு இப்போது பெரிய வேலை இல்லை. ஃபோல்டரின் ஃபேடர் எதுவும் எழுதப்படாமல் சும்மா இருப்பதால், "குரலைக் கொஞ்சம் ஏத்துங்க சார்" என்று வித்வான் கடைசி நிமிடத்தில் கேட்டாலும், எழுதிய ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தொடாமல் ஒரே அசைவில் ஏற்றிவிடலாம்.

ஒருமுறை, ஆட்டோமேஷன் எல்லாம் முடிந்த பிறகு, நடுவில் நாற்பது விநாடி சுருதி சேர்த்ததை வெட்டி எடுத்தேன். ஒலித்துண்டுகளோடு புள்ளிகளும் நகரும் விருப்பத்தை நான் அணைத்து வைத்திருந்தேன். ஒலி முன்னால் வந்துவிட்டது, புள்ளிகள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. பல்லவி முழுவதும் வயலின் ஏற வேண்டிய இடத்தில் இறங்கியதை மறுநாள்தான் கவனித்தேன். தவறு என்னுடையதுதான். வெட்டும் வேலையை முழுதாக முடிக்காமல் இப்போது ஒரு புள்ளிகூட எழுதுவதில்லை.

மவுஸால் கோடு வரைவதைவிட, மோட்டார் பொருத்திய ஒற்றை ஃபேடரில் விரல் வைத்து எழுதுவது வேகமானது. கண் திரையை விட்டு விலகுவதால் காதும் கூர்மையாகிறது. நான் ரிச்சி தெருவில் வாங்கிய முதல் கருவி, விரல் பட்டதை அடிக்கடி உணராமல் என்னோடு மல்லுக்கட்டியது, ஓராண்டில் மாற்றிவிட்டேன். ஒற்றை ஃபேடர் போதும், ஏனென்றால் கேட்கும்போது மனம் ஒரு வாத்தியத்தையே பின்தொடர்கிறது.

மிருதங்கத்தை நான் பெரும்பாலும் தொடுவதில்லை. வாசிப்பவரே வலந்தலையிலும் (வலப்பக்கம்) தொப்பியிலும் (இடப்பக்கம்) தன் ஒலியளவைப் பாட்டுக்கேற்ப அடக்கி வைத்திருக்கிறார். மிருதங்கம் தனியாக வாசிக்கப்படும் தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது மட்டும் ஒன்றரை டெசிபல் ஏற்றி, பாடகரின் மைக்கை ஆறு டெசிபல் இறக்குகிறேன். அதை முழுவதும் மூடிவிட்டால் மிருதங்கம் இன்னும் தெளிவாகக் கேட்கும் என்பது உண்மைதான். ஆனால், பாடகர் தொடையில் தட்டிப் போடும் தாளம் அந்த மைக்கில்தான் விழுகிறது.