பழைய மடக்குக்கத்தி: தேய்ந்த அலகை விடுவதா, மாற்றுவதா?

பிரித்தானியக் கடற்படை 1957 வரை தளம் வைத்திருந்த ஊர் இது. அதனால் திருகோணமலையில் ஒரு பழைய வீட்டு லாச்சிக்குள் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் செய்த மடக்குக்கத்தி கிடந்தால் வியப்பில்லை: கறுப்புப் பிடி, அகன்ற அலகு, டின் வெட்டி, முதுகுப்பக்கம் கயிற்று முடிச்சை நெகிழ்த்தும் முள். பிடி நன்றாக இருக்கும். அலகுதான் தேய்ந்து கறள் ஏறியிருக்கும். புது அலகு போட்டால் விலை கூடும் என்று தோன்றும். சேகரிப்பாளரிடம் விற்பதானால் பெரும்பாலும் குறையும். அலகு ஒடிந்தே போயிருந்தாலொழிய பழையதை விட்டுவைப்பதுதான் என் பக்கம்.

பாவனைக்கு என்றால் வேறு பேச்சு. மீன் வெட்டவும் கயிறு அறுக்கவும் வைத்திருக்கும் கத்திக்குத் தாராளமாகப் புது அலகு போடலாம்.

சேகரிப்பில் மடக்குக்கத்தியின் வயதைச் சொல்வது அலகின் அடி, அதாவது பிடிக்குள் நுழையும் தடித்த பகுதி. உலகப் போர்க்காலப் படைக்கத்தியில் செய்தவர் பெயர், ஆண்டு, அரச உடைமையைக் காட்டும் அம்புக்குறி எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் குத்தப்பட்டிருக்கும். ஷெஃபீல்ட் கம்பனியான ஜோசப் ரொட்ஜர்ஸின் கத்தியில் நட்சத்திரமும் சிலுவையும் இருக்கும். அரச மகுடச் சின்னத்தின் இருபக்கமும் வி, ஆர் என்ற எழுத்துகள் இருந்தால் பொதுவாக அது விக்டோரியா காலம், 1901க்கு முந்தியது. அமெரிக்காவின் கேஸ் கம்பனி 1970இல் முத்திரைக்குக் கீழே 10 புள்ளிகள் வைத்து, பிறகு ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தது. சுவிஸ் படையின் 1961 மாதிரிக் கத்தியிலும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் பெரிய அலகின் அடியில்தான். அலகைக் கழற்றிப் போட்டால் இவை எல்லாம் அதோடு போய்விடும். மிஞ்சுவது வயது தெரியாத ஒரு பிடி.

இதனால்தான் சேகரிப்பாளர்கள் தேய்வைப் பொறுப்பார்கள், மாற்றத்தைப் பொறுக்கமாட்டார்கள். அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் தர அளவில் அலகு 10% தேய்ந்த கத்தி 'மிகச் சிறந்தது' என்ற படியிலேயே நிற்கும். 25% தேய்ந்தாலும் 'மிக நல்லது' என்ற படி கிடைக்கும்; ஆனால் அந்தப் படிக்கு எந்த அலகும் மாற்றப்பட்டிருக்கக் கூடாது. கால்வாசி தேய்ந்த சொந்த அலகு, முழுதாக நிற்கும் வேற்று அலகைவிட மேல் என்பதே இதன் பொருள். எத்தனை வீதம் விலை விழும் என்பதற்கு ஒரே கணக்கு இல்லை. அரிய மாதிரியில் கூடுதலாக விழும், சாதாரணமானதில் குறைவாக.

அதே கம்பனியின் அதே ஆண்டு அலகை, உடைந்த இன்னொரு கத்தியிலிருந்து எடுத்துப் போட்டால்? முத்திரை பொருந்தும். ஆணி பொருந்தாது. அலகு சுழலும் ஆணியைத் தொழிற்சாலையில் அடித்துப் பரப்பி, பிடியின் நுனியிலுள்ள உலோகப் பூணோடு சேர்த்துத் தேய்த்துவிடுவார்கள். நல்ல வேலையில் ஆணியின் இடமே தெரியாது. அதை வெளியே எடுக்கத் துளைக்க வேண்டும். திரும்ப அடித்த ஆணி பூணில் ஒரு மெல்லிய வட்டமாகத் தெரியும். அடிக்கும்போது எலும்புப் பிடி ஆணித்துளையோரம் வெடிக்கலாம். அலகை இறுக்கிப் பிடிக்கும் முதுகு வில்லும் பழைய அலகோடு உராய்ந்து தேய்ந்தது. புதிய அடி அதில் ஒட்டாமல், திறந்தால் ஆடும், மூடினால் நுனி வெளியே நீட்டும். வாங்குகிறவர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வில்லுக்கும் அலகுக்கும் இடையே ஒளி தெரிகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். வில் கருத்திருக்க அலகு மட்டும் பளபளத்தால் அதுவும் காட்டிக்கொடுக்கும்.

ஆக, பழைய அலகைக் காப்பாற்றும் வேலைதான் மிச்சம். கடலோர ஊரில் அது சின்ன வேலை அல்ல. வாடைக்காற்று தொடங்கினால் கார்பன் உருக்கு சில நாளிலேயே செங்கறள் பிடிக்கும். சாம்பல்நீலமாகப் படிந்திருப்பது கறள் அல்ல, அதைத் தொடவேண்டாம். வாங்குகிறவர் விரும்புவதே அந்த நிறத்தைத்தான். செங்கறளுக்கு மட்டும் மெசின் எண்ணெய் தடவி ஒரு நாள் விட்டு, நான்கு சுழியன் (0000) இலக்க மிக மெல்லிய உருக்குப் பஞ்சால் நீளவாக்கில் மெதுவாகத் தேய்க்கலாம். முத்திரைக்கு மேல் தேய்க்கக் கூடாது, அங்கே பல்குத்தும் குச்சியே போதும். தேசிக்காய்ப் புளி வேண்டாம். அது கறளோடு அந்த நிறத்தையும் தின்றுவிடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம்: நாள்பட்டால் அதன் அமிலம் உள்ளிருக்கும் பித்தளைத் தகட்டில் பச்சை பிடிக்க வைக்கும். தையல் மெசின் எண்ணெய் இரண்டு துளி, ஒன்று ஆணியில், ஒன்று வில்லில். தோல் உறையில் போட்டு மூடிவைப்பது பெரிய பிழை, தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வாடைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

பட்டறையில் மின்சாணையில் பிடிக்கக் கொடுக்காதீர்கள். சூடேறி ஓரம் நீலமானால் அந்த இடத்தில் பதம் போயிற்று, உருவமும் போயிற்று.

மாற்றித்தான் ஆக வேண்டிய நிலை ஒன்று உண்டு: அலகு பாதியில் ஒடிந்து, மாதிரியும் சாதாரணமானதாக இருந்தால். சுவிஸ் கம்பனியான விக்டோரினொக்ஸின் புதிய கத்தி போன்றவற்றைக் கம்பனியின் பழுதுபார்ப்புச் சேவையிடமே விடுவது நல்லது. ஷெஃபீல்ட் கத்தியென்றால் முதலில் இரு பக்கமும், முத்திரையைக் கிட்டவும் படம் எடுங்கள். பூணைத் துளையுள்ள இரும்புக் கட்டையில் தாங்கி, எலும்பில் அடி படாமல் ஆணியை எடுக்க வேண்டும். புது ஆணியை அடிக்கும்போது அலகுக்கும் உள்தகட்டுக்கும் இடையே மெல்லிய தகட்டுத் துண்டு ஒன்றைச் செருகாவிட்டால் அலகு இறுகித் திறக்காது. கழற்றிய பழைய அலகை எறியாமல் எண்ணெய் பூசிக் கத்தியோடு வைத்திருங்கள். விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுத்து, மாற்றியதைச் சொல்லி விற்றால் ஆண்டும் முத்திரையும் வாங்குகிறவர் கைக்குப் போகும்.