கண்ணாடித் தகடா, சிசிடியா?

தொலைநோக்கி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அது குவித்துத் தரும் ஒளியைக் கடைசியில் ஏதோ ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய நூறு வருஷம் அந்த வேலையைப் பார்த்தது வெள்ளி உப்புப் பூச்சு கொண்ட கண்ணாடித் தகடு. 1980களில் அந்த இடத்தைச் சிசிடி பிடித்துக்கொண்டது. ஒளி பட்டால் கிளம்பும் எலக்ட்ரான்களை எண்ணிப் படமாக்கும் மின்னணுச் சில்லு அது. இரண்டில் எது மேல்?

ஒளியைப் பிடிப்பதில் சிசிடிதான், பேச்சே இல்லை. தகட்டில் விழும் நூறு ஒளித்துகள்களில் ஒன்றிரண்டுதான் பதியும். நல்ல சிசிடி தொண்ணூறு வரை எண்ணிவிடும். இதை ஒரே தொலைநோக்கியில் வைத்துப் பார்க்கலாம். கலிஃபோர்னியாவின் பாலோமர் ஆய்வகத்தில், வானத்தின் பெரிய பரப்பை ஒரே படத்தில் பிடிக்கும் 48 அங்குல ஷ்மிட் தொலைநோக்கி இருக்கிறது. 1950களில் அதில் 14 அங்குலத் தகட்டை மாட்டி, சிவப்பு ஒளியில் ஒரு படம் எடுக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. 2018 முதல் அங்கே 16 சிசிடிகள் சேர்ந்த கேமரா இருக்கிறது. ஏறக்குறைய அதே அளவு வானத்தை, அதே மங்கலான விண்மீன்கள் வரை, 30 வினாடியில் எடுத்துவிடுகிறது!

அளப்பதிலும் அப்படித்தான். சிசிடியில் ஒளி இரண்டு மடங்கானால் அது தரும் எண்ணிக்கையும் இரண்டு மடங்காகும். தகடு அப்படி நேராகக் கணக்குச் சொல்லாது. மங்கலான ஒளியில் நேரம் போகப்போகச் சோர்ந்துவிடும். முதல் மணி நேரத்தில் பதிந்த அளவு இரண்டாவது மணி நேரத்தில் பதியாது. அதோடு, வெளிச்சம் படாமல் கும்மிருட்டில் தகட்டை மாட்டும்போது எந்தப் பக்கம் பூச்சு என்று தெரியாமல், தகட்டின் ஓரத்தை உதட்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டுகிற பக்கம்தான் பூச்சு. சிசிடிக்கும் சிரமம் உண்டு. வெப்பமே எலக்ட்ரான்களைக் கிளப்பிப் படத்தைக் கெடுக்கும் என்பதால், பெரிய ஆய்வகங்களில் அதைச் சுமார் மைனஸ் 100 டிகிரிக்குக் குளிர்விக்கிறார்கள்.

சரி, தகட்டின் பலம் என்ன? காலம். 1923 அக்டோபரில் எடுத்த ஆண்ட்ரோமெடா தகட்டில், நோவா (திடீரென்று பிரகாசமாகி மங்கும் விண்மீன்) என்று தான் போட்ட குறியை அடித்துவிட்டு, 'மாறும் விண்மீன்' என்று வானியலாளர் ஹப்பிள் மையால் எழுதியது இன்னும் அப்படியே இருக்கிறது. ஆண்ட்ரோமெடா நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி விண்மீன் மண்டலம் என்று தெரிந்தது அந்த விண்மீனை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டதால்தான். ஹார்வர்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகடுகள் இருக்கின்றன. நம் கொடைக்கானலில் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய சூரியப் புள்ளிகளை இன்று எந்தச் சிசிடியாலும் போய்ப் பார்க்க முடியாது.

அதனால் புதிதாக வானத்தைப் பார்க்கிறவர்கள் தகட்டைத் தேட வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே இருக்கிற தகடுகளை, படியெடுத்தாகிவிட்டது என்று சொல்லித் தூக்கிப் போடவே கூடாது என்பேன். நாளைக்கு இன்னும் நுட்பமான கருவி வந்தால் மறுபடியும் படியெடுக்க மூலம் வேண்டும். கொடைக்கானல் தகடுகளைப் பின்னாலிருந்து சீரான வெளிச்சம் கொடுத்துப் படியெடுத்தார்கள். அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொண்டது ஒரு சிசிடி கேமரா.