கோவையில் பிரெஞ்சு ரெட் ஒயின்: ஓர் அறிமுக மாலை

கோவை நட்சத்திர விடுதி ஒன்றில், பிரெஞ்சு ரெட் ஒயினைப் புதிதாக அறிய விரும்புவோருக்காக நடந்த சுவையறிதல் மாலை, ஆர்வமுள்ளவர்கள் கட்டாயம் போய்வரத் தக்கது. பிரான்சின் ஒயின் பகுதியான போர்டோவில், ஆற்றின் இடது கரையில் கேபர்னே சாவிஞான் திராட்சையும் வலது கரையில் மெர்லோ திராட்சையும் ஓங்கியிருப்பதையும், திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின்தான் ஈறுகளை இறுக்கும் துவர்ப்பைத் தருகிறது என்பதையும் கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டே விளக்கினார்கள். போர்டோ ஒயின்களின் 1855ஆம் ஆண்டுத் தரவரிசை பற்றிய உரைதான் சற்று நீண்டுவிட்டது.

பள்ளிபாளையம் கோழி வறுவலுடன் போர்டோ ஒயினைப் பரிமாறியது பொருந்தவில்லை. வரமிளகாயின் காரம் டானினை மேலும் கடுமையாக்கிவிடுகிறது. அதே வறுவலுக்கு, கமே திராட்சையில் செய்து லேசாகக் குளிரவைத்த போஜொலே பகுதி ஒயின் மிக இணக்கமாக இருந்தது. நம் கோடையில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரியைத் தாண்டிவிடுவதால், போர்டோ புட்டிகளை 16 முதல் 18 டிகிரிக்குள் வைத்திருந்து ஊற்றிய அக்கறையை மனதாரப் பாராட்டுகிறேன்.