ஆம்பூர் சர்ப்ளஸ் கடையில வாங்கின லேஸ் பூட்ஸ், எட்டு மாசம் போட்டாச்சு

மூவாயிரத்துக்குள்ள நல்ல தோல்ல லேஸ் பூட்ஸ் வேணும்னு ரொம்ப நாளா தேடிட்டு இருந்தேன். மொதல்ல ஆன்லைன்ல ஒண்ணு வாங்கினேன், ஜெனுயின் லெதர்னு போட்டிருந்துச்சு, அஞ்சே மாசத்துல விரல் மடங்குற இடத்துல பூச்சு உரிஞ்சு உள்ள நீலமா நார் தெரிஞ்சுது. தெருமுனையில செருப்பு தைக்கிற அண்ணன் ஓரத்தை கத்தியால லேசா பிளந்து காட்டினாரு, தோலோட அடிப்பாகத்தை சீவி எடுத்து மேல பிளாஸ்டிக் மாதிரி பூசிருக்காங்க, ஸ்பிலிட்னு சொல்றது அதைத்தான். உள்ள அட்டை, சோலுக்கு தையலே இல்ல, வெறும் பசை. "இதுல தைக்க என்ன தம்பி இருக்கு"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. மனசே விட்டுப்போச்சு.

அப்புறம் வேலூர் போற வேலை வந்தப்ப அப்படியே ஆம்பூர் போனேன். வெளிநாட்டு பிராண்டுக்கு தைச்சு மிஞ்சினது, சின்னக் குறைன்னு தள்ளினதெல்லாம் அங்க சர்ப்ளஸ் கடைங்கள்ல வரும். ஸ்டாக் மாறிட்டே இருக்கும், அதனால கடைப் பேரை விட எப்படிப் பார்த்து எடுக்கணும்ங்கறதுதான் முக்கியம்.

ஷூவோட நாக்கை வெளிய இழுத்து அதோட வெட்டின ஓரத்தைப் பாருங்க, மேல இருந்து கீழ வரைக்கும் நாரா இருந்தா தோல், மேல தனியா ஒரு படலம் ஒட்டின மாதிரி தெரிஞ்சா வெச்சுட்டு வந்துருங்க. கட்டை விரலால அமுக்கினா நல்ல தோல்ல மெல்லிசா சுருக்கம் விழுந்து எடுத்ததும் மறையும். சோல் ஓரத்துல நூல் தெரியுதுன்னு மட்டும் நம்பிடாதீங்க, அழகுக்காக நூல் மாதிரியே அச்சு வார்த்திருப்பாங்க, இன்சோலை (உள்ள கால் படுற அட்டை) தூக்கி உள்ளயும் தையல் வருதான்னு பாருங்க. குட்இயர் வெல்ட் (ஷூவைச் சுத்தி ஒரு பட்டை வெச்சு அதோட சோலைத் தைக்கிற முறை) செஞ்சதுல உள்ள தையல் தெரியாதுதான், ஆனா இந்த விலைக்கு அதை நான் எங்கயும் பார்க்கல. ரொம்ப முக்கியமா, பி.யூ. (பாலியூரிதேன்னு ஒரு லேசான பிளாஸ்டிக்) சோல் வேணாம். வருஷக்கணக்கா குடோன்ல கிடந்தா ஈரக்காத்துலயே அது உளுத்துப்போய், போட்டு நடந்த அன்னைக்கே பிஸ்கட் மாதிரி உதிரும். ரப்பர் சோலா கேட்டு வாங்குங்க.

நான் எடுத்தது டார்க் பிரவுன், கணுக்காலுக்கு மேல வரும், ரப்பர் சோல், சுத்தி தையல். கடைக்கார பாய் 3,200 சொன்னாரு, 2,700க்கு குடுத்தாரு. இடது நாக்கு மட்டும் ஒரு ஷேடு கறுப்பு, அதான் தள்ளினதுக்குக் காரணம்னு அவரே காட்டிட்டாரு. "அவசரப்படாதீங்க தம்பி, தடி சாக்ஸ் போட்டு நாலு நடை நடங்க"ன்னு பாய் சொன்னது நல்லதாப் போச்சு, எப்பவும் போடுற 8 முன்னாடி இடிச்சுது, 9 தான் சரியா உக்காந்துச்சு.

மொத ரெண்டு வாரம் குதிகால் கொப்புளிச்சுது, அதுக்கப்புறம் காலுக்குன்னே தைச்ச மாதிரி ஆகிடுச்சு. லேஸ் மட்டும் மட்டம், ரெண்டே மாசத்துல அறுந்துச்சு, நாப்பது ரூபாய்க்கு மாத்திட்டேன். சென்னை மழையில மூணு தடவை முழுசா நனைஞ்சுது, பேப்பர் திணிச்சு ஃபேனுக்கு அடியில காய வெச்சு (வெயில்ல வெச்சா தோல் விறைச்சு வெடிக்கும்) கிரீம் தடவினேன், ஒரு விரிசல் இல்ல. இந்த ஊர் வெக்கைக்கு தினமும் போட முடியாது, ஒருநாள் விட்டு ஒருநாள்தான்.

எக்ஸ்சேஞ்ச் கிடையாது, அதை மனசுல வெச்சுக்கங்க. என் தம்பிக்கு சைஸ் 11, அன்னைக்கு நாலு கடை ஏறி இறங்கியும் கிடைக்கல, பெரிய சைஸ்காரங்க போன்ல கேட்டுட்டுக் கிளம்புங்க.