டாக் மக்கர் பண்ணும்போது: மூன்று வகை, மூன்று விதமான கோளாறு

டாக்கில் (ஒரே கேபிளில் லேப்டாப்போடு மானிட்டர், யூஎஸ்பி, சார்ஜ் எல்லாவற்றையும் இணைக்கும் பெட்டி) செருகியும் மானிட்டர் வரவில்லை என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ஒருவர் டிரைவரைப் போடச் சொல்வார், இன்னொருவர் ஃபர்ம்வேரை, அதாவது டாக்கின் உள்ளேயே பதிந்த மென்பொருளை, புதுப்பிக்கச் சொல்வார், மூன்றாமவர் கேபிளை மாற்று என்பார். மூன்றுமே சரியான யோசனைதான். ஆனால் மூவர் மனதிலும் இருப்பது வேறு வேறு வகை டாக். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே யூஎஸ்பி-சி முனைதான். உள்ளே ஆல்ட் மோட், தண்டர்போல்ட், டிஸ்பிளேலிங்க் என்று மூன்று வழிகள். வாங்கும்போது விலையையும் போர்ட் எண்ணிக்கையையும் ஒப்பிடுகிறோம். எது எப்படிக் காலை வாரும் என்பதை ஒப்பிடுவதுதான் அதைவிட முக்கியம் என்பேன்.

கையில் இருப்பது எந்த வகை? டாக்கை மாட்டியபடியே லேப்டாப்பை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் எழும் முன்பே வெளி மானிட்டரில் கம்பெனி லோகோ தெரிந்தால் அது டிஸ்பிளேலிங்க் இல்லை. டிஸ்பிளேலிங்கில் டிரைவர் ஏறினால்தான் படமே வரும். தண்டர்போல்ட் என்றால் போர்ட்டிலும் கேபிளிலும் மின்னல் குறி இருக்கும்.

விலை குறைந்த டாக்குகளில் பெரும்பாலானவை ஆல்ட் மோட். லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப்பிலிருந்து டிஸ்பிளேபோர்ட் சிக்னல் (மானிட்டருக்குப் படம் அனுப்பும் ஒரு முறை) அப்படியே கேபிளில் வருகிறது. டிரைவர் எதுவும் தேவையில்லை. இதன் சிக்கல் எல்லாம் இடப்பற்றாக்குறைதான். யூஎஸ்பி-சி கேபிளில் நான்கு அதிவேகப் பாதைகள் உள்ளன. டாக்கில் வேகமான யூஎஸ்பி போர்ட்டுகளும் வேண்டுமென்றால் படத்துக்கு இரண்டுதான் மிஞ்சும். லேப்டாப் டிஸ்பிளேபோர்ட் 1.2 என்றால் அந்த இரண்டில் பயன்படுவது நொடிக்குச் சுமார் 8.6 ஜிகாபிட். 4கே படம் 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை புதுப்பித்து, ஓட 12.5 வேண்டும். அதனால்தான் மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறது: மானிட்டர் 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கியிருக்கிறது. இது பழுது இல்லை, டாக்கைத் திருப்பி அனுப்பியும் பயனில்லை. லேப்டாப்பும் டாக்கும் டிஸ்பிளேபோர்ட் 1.4 என்றால் இரண்டு பாதையிலேயே ஒரு 4கே 60 மட்டுமட்டாக ஓடும். சில லேப்டாப்களின் பயாஸில் (விண்டோஸ் எழும் முன் வரும் அமைப்புத் திரை) நான்கு பாதையையும் படத்துக்கே கொடுக்கும் அமைப்பு உண்டு. அப்போது டாக்கின் யூஎஸ்பி 2.0 வேகத்துக்கு விழும், அதில் மாட்டிய எஸ்எஸ்டி டிஸ்க் நத்தையாகிவிடும்.

சார்ஜ் ஏறுகிறது, படம் மட்டும் வரவில்லையா? முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். போனோடு வரும் சி-டு-சி கேபிள்கள் பலவற்றில் அந்த அதிவேகப் பாதைகளே கிடையாது. அப்புறம் லேப்டாப்பின் போர்ட். இரண்டு யூஎஸ்பி-சி இருந்தாலும் ஒன்றில் மட்டும் வீடியோ வரும் மாடல்கள் இருக்கின்றன. மேக்கில் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம் தெரிந்தால் அமைப்புகளில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரே டிஸ்பிளேபோர்ட் சிக்னலை இரண்டு மானிட்டருக்குப் பிரிக்கும் எம்எஸ்டி முறையை மேக்ஓஎஸ் ஆதரிப்பதில்லை.

தண்டர்போல்ட்டில் இடப்பிரச்சினை குறைவு: 3, 4 தலைமுறைகளில் 40 ஜிகாபிட், இரண்டு 4கே 60 தாராளம். கோளாறு வந்தால் பெரும்பாலும் அனுமதி, ஃபர்ம்வேர், கேபிள் நீளம் மூன்றில் ஒன்று. பழைய விண்டோஸ் லேப்டாப்களில் தண்டர்போல்ட் கண்ட்ரோல் சென்டரில் டாக்கை ஒருமுறை அங்கீகரிக்க வேண்டும். அந்த அறிவிப்பைக் கவனிக்காமல் மூடிவிட்டால் சார்ஜ் மட்டும் ஏறும். தண்டர்போல்ட் 3 காலத்துச் சாதாரணக் கேபிள் 0.8 மீட்டரைத் தாண்டினால் வேகம் பாதியாகும். தண்டர்போல்ட் 4 என்று குறித்த கேபிள் 2 மீட்டர் வரை தாங்கும். முதல் தலைமுறை தண்டர்போல்ட் 3 டாக்குகள் சாதாரண யூஎஸ்பி-சி போர்ட்டில் வேலையே செய்யாது.

டிஸ்பிளேலிங்க் வேறு ஜாதி. திரையை மென்பொருள் சுருக்கி, யூஎஸ்பி தரவாக அனுப்ப, டாக்கில் உள்ள சிப் விரித்துக் காட்டுகிறது. ஆல்ட் மோட் இல்லாத போர்ட்டிலும், பழைய யூஎஸ்பி-ஏ போர்ட்டிலும்கூட ஓடும் என்பது பெரிய பலம். ஆனால் கோளாறுகள் மென்பொருளிலிருந்தே முளைக்கின்றன. மேக்கில் டிஸ்பிளேலிங்க் மேனேஜருக்கு ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுமதி இல்லையென்றால் கறுப்புத் திரைதான். அனுமதி கொடுத்த பிறகு, பதிப்புரிமைப் பூட்டு உள்ள ஓடிடி படங்கள் கறுப்பாகலாம். திரை பதிவாகிறது என்று பிளேயர் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் கெர்னல் (அதன் மையப் பகுதி) மாறும்போது டிஸ்பிளேலிங்க் டிரைவரின் பாகமான எவ்டி மாட்யூல் மறுபடி கட்டப்பட வேண்டும். கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் இருந்தால் அதற்கு டிஜிட்டல் கையொப்பமும் வேண்டும். நேற்றுவரை ஓடியது அப்டேட்டுக்குப் பின் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வகை எதுவானாலும் இரண்டு விஷயம் பொது. வயர்லெஸ் மவுஸ் திக்கினால் அதன் ரிசீவரை டாக்கிலிருந்து ஒரு நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள். யூஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல், அத்தகைய மவுஸ்கள் பயன்படுத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும் என்று இன்டெல் 2012லேயே எழுதியது. டாக் மொத்தமாக உறைந்துவிட்டால் அதன் மின்சாரத்தையே துண்டித்து, லேப்டாப் கேபிளையும் கழற்றி, ஒரு நிமிடம் விட்டு மாட்டுங்கள். லேப்டாப்பை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் டாக்கின் சிப் ரீசெட் ஆகாது.

எதை வாங்குவது? விண்டோஸ் லேப்டாப், இரண்டு ஃபுல் எச்டி மானிட்டர் என்றால் ஆல்ட் மோட் போதும். பாதைக் கணக்கு ஒருமுறை சரியாக வந்துவிட்டால் அதைத் தொடவே வேண்டியிருக்காது. இரண்டு 4கேயும் வேகமான டிஸ்க்கும் சேர்ந்தால் தண்டர்போல்ட்டுக்குச் செலவு செய்யலாம். எம்1, எம்2 மேக்புக் ஏர் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனம்: அவை ஒரே ஒரு வெளித்திரையைத்தான் நேரடியாக ஓட்டும். எவ்வளவு விலை கொடுத்து தண்டர்போல்ட் டாக் வாங்கினாலும் இரண்டாவது மானிட்டர் தனிப்படமாக வராது. அங்கே டிஸ்பிளேலிங்க்தான், அதன் தொல்லைகளையும் சேர்த்து ஏற்றுக்கொண்டு.